இலையோடு போன செட்

செப். 14, ஞாயிறு. காலையில் மலைப்பக்கம் மூட்டம், மத்தியானம் சுள்ளென்று வெயில்.

மானக்கேட்டை முதலில் எழுதிவிடுகிறேன். இன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணப் பந்தியில் என் மேல்வரிசை முன்பல் நாலையும் இலையோடு சேர்த்து மடித்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

சொந்தப் பல் இல்லை. எட்டு வருஷமாகக் கழற்றி மாட்டுகிற பல் செட். பெண்டாட்டி கிரேஸுக்கும் கர்த்தருக்கும் பல் டாக்டருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். மகள் ஷீபாவுக்கே தெரியாது. பல் கட்டும்போது அவள் ஹாஸ்டலில். ஊர் ஊராகப் போய் ஜனங்களைச் சிரிக்க வைக்கிறவன் சிரிப்பே பிளாஸ்டிக் என்று வெளியே சொல்ல முடியுமா?

நடந்தது இது. வன்னியம்பட்டி வாடிக்கையாளர் மகள் கல்யாணம். பத்து வருஷமாக என் எலக்ட்ரிக்கல் கடையில்தான் மோட்டார் சாமான் வாங்குகிறார், போகாமல் தீராது. ரெண்டாம் பந்தி. சாம்பாரில் முருங்கைக்காய். நார் ஒன்று செட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் போய்க் குடியேறிவிட்டது. கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக் கழற்றினேன். டம்ளர் தண்ணீரில் ஒரு முக்கு. இலை ஓரம் வைத்து டிஷ்யூ பேப்பரைப் போட்டு மூடினேன். நாரை எடுக்கிறேன், எதிர்வரிசையில் இருந்து ஒரு குரல்.

"சார், நீங்க லோக்கல் சேனல் பட்டிமன்றத்துல பேசுறவிய தானே? ஒரே ஒரு செல்ஃபி!"

அவர், அவர் வீட்டம்மா, கொழுந்தியாள், கொழுந்தியாள் கைக்குழந்தை. வாயைத் திறக்காமல் நாலு செல்ஃபிக்குச் சிரித்தேன். குழந்தை மட்டும் சந்தேகமாகப் பார்த்தது. வேர்த்துக் கொட்டியது. கிரேஸுக்கென்று லட்டை டிஷ்யூவில் சுற்றி எடுத்துக்கொண்டேன், இலையை முறைப்படி நம் பக்கமாக மடித்தேன், கை கழுவப் போனேன். பஸ்ஸில் டிக்கெட் கேட்க வாயைத் திறந்தபோதுதான் காற்று தாராளமாக உள்ளே போனது.

பாதி வழியில் இறங்கித் திரும்பி ஓட்டம். மண்டபத்துப் பின்னால் எச்சில் இலைக் குவியல், ரெண்டு மாடு. ஒரு குச்சியை எடுத்துக் கிளறினேன். துப்புரவு வேலை செய்யும் அம்மா ஒருத்தர் வந்தார்.

"என்னண்ணே தேடுதீய? மோதிரமா?"

ஆமென்று தலையாட்டினேன்.

"அடப் பாவமே. எத்தனை பவுன்?"

நாலு விரல் காட்டினேன். எண்ணிக்கையில் பொய் இல்லை.

"நாலு பவுன்ல மோதிரமா! மாமனார் வீட்டுச் சீரா?" என்று அவரும் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு அரை மணி நேரம் தேடினார். தங்கமான மனுஷி. கிடைக்கவில்லை. ஒரு மாடு என்னையே பார்த்துக்கொண்டு அசை போட்டது. அது சிரித்த மாதிரியே இருந்தது.

வீடு. கிரேஸிடம் லட்டைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். பத்து நிமிஷம் சிரித்தாள். "சுகரை வச்சுக்கிட்டு எனக்கு எதுக்கு லட்டு?" என்று பிரிட்ஜுக்குள் வைத்தாள். பிறகுதான் அவளுக்கும் உறைத்தது.

"ஏங்க, வெள்ளிக்கிழமை?"

அதுதான் பிரச்சினை.

செப். 15, திங்கள். காற்று. கடைப் பலகை ஆடுகிறது, கயிறு கட்ட வேண்டும்.

வெள்ளிக்கிழமை விவகாரம். ஷீபா ஸ்ரீவி. பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறாள், தங்கலும் அங்கேயே. சேர்ந்து மூன்று மாதம். துறை மன்றத் தொடக்க விழா அவள் பொறுப்பு, அவள் கையில் விட்ட முதல் காரியம். மதுரையில் இருந்து வர வேண்டிய பேராசிரியர் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டார். துறைத்தலைவி மேடம், "அப்போ நீயே ஆள் பிடி. இதுலதான் உன்னைப் பார்க்கணும்" என்றாராம். வேலை நிரந்தரம் ஆவது அந்த மேடம் எழுதுகிற நாலு வரியில் இருக்கிறது.

வேறு ஆள் கிடைக்காமல் போன வாரம் என்னைக் கேட்டாள். தலைப்பும் அவளே: ஒரு சின்ன ஆங்கில வார்த்தை நம்ம ஊரில் வந்து என்னென்ன வேஷம் போடுகிறது. எந்த வார்த்தை என்பது என் இஷ்டம். நான் எடுத்தது செட். அகராதியில் அதற்குப் பக்கம் பக்கமாக அர்த்தம் இருக்கிறதாம். பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் ரெண்டாம் தடவை தேறியவன், கல்லூரியில் ஆங்கிலம் பேசப் போகிறேன்!

ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். "அப்பா, கோவிச்சுக்காதீய. நீங்க என் அப்பான்னு அங்க யாருக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம்."

கோபம் வரவில்லை. வர உரிமை இல்லை. அவள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, அவள் பரீட்சை பேப்பரை எங்கள் வீட்டு நாய் தின்றுவிட்டது, அதுவும் பெயிலாகிவிட்டது என்று மேடையில் ஒரு கதை விட்டேன். நாங்கள் நாயே வளர்க்கவில்லை. ராஜபாளையத்துக்காரன் சொன்னால் நாய் இருக்கும் என்று ஊரே நம்பிவிட்டது. பள்ளிக்கூடத்தில் ரெண்டு வருஷம் அவளை "லொள்" என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்குக் கைதட்டல், அவளுக்கு லொள்.

பல் டாக்டர். அளவெடுத்தார். மதுரையில் செய்து வர வேண்டும், சனிக்கிழமை சாயந்திரம்தான். "வெள்ளிக்கிழமை வேணும் டாக்டர்." "பல்லு என்ன இட்லியா சார், ஊத்தி எடுக்க?"

அவர் ஜோக் நன்றாக இருந்தது. எழுதி வைத்துக்கொண்டேன். என் பெயரில் போகும்.

செப். 16, செவ்வாய். மதியம் கரண்ட் இல்லை.

பட்டியலில் இதுவரை முப்பத்தொன்று. எல்லாம் காதால் கேட்டது, புத்தகத்தில் பார்த்தது ஒன்றும் இல்லை. அந்தப் பெருமை எனக்கு உண்டு. இன்று சேர்ந்தவை:

மகாராஜபுரம் விவசாயி: "பம்பு செட்டு ஓடுது, தண்ணிதான் வரமாட்டேங்கு."

கொத்தனார்: "கான்கிரீட் இன்னும் செட் ஆகலண்ணே, ஏறி நிக்காதீய."

பக்கத்து சலூனில்: தாடியை செட் பண்ண ஒரு மணி நேரம்.

டீக்கடை: "அந்த மாப்பிள்ள வீடு செட் ஆகாது. பொண்ணு பிஎச்டி, அவன் இன்னும் அரியரு." (யார் வீடு என்பது தெரியும். இங்கேகூட எழுத மாட்டேன். பெரிய தெரு, பச்சை கேட்.)

வத்திராயிருப்பு பஸ்ஸில் ரெண்டு பெரியவர்: "அவன் எங்க செட்டு. ஒண்ணாத்தான் பெயிலானோம்."

இது போக மைக் செட், நகை செட், செட் தோசை (நம்ம ஓட்டலில் ரெண்டுதான் வருகிறது, கேட்டால் முறைக்கிறான்), வாலிபால், ரம்மி, யூனிபார்ம், அலாரம். வினாத்தாள் செட் பண்ணுகிறவர், வினாத்தாள் செட் பண்ணுகிறவரையே செட் பண்ணுகிறவர்.

சாயந்திரம் எதிர்வீட்டு லட்சுமம்மாவிடம் கேட்டேன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். "எங்களுக்கு செட்டுன்னா மரம் தம்பி. வேப்பசெட்டு, புளியசெட்டு." அதையும் எழுதிக்கொண்டேன். கிரேஸ் ஆட்சேபணை: "அது இங்கிலீஷ் இல்லையே." இல்லைதான். ஆனால் லட்சுமம்மா காப்பி கொடுத்துவிட்டார். காப்பி குடித்த வீட்டை எப்படி விட முடியும்?

கிரேஸ் பட்டியலை முழுசாகப் பார்த்தாள். "ஒண்ணை விட்டுட்டீயளே."

"எது?"

தன் பல்லைத் தட்டிக் காட்டினாள். உண்மைதான். முப்பத்திரண்டு எழுதியிருக்கிறேன், பல் செட் மட்டும் இல்லை. மறக்கவில்லை. வேண்டுமென்றே விட்டது.

ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் ஷீபா போன். வீடியோ. அவசரமாக கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். மகள் பத்து நிமிஷம் காலண்டரைப் பார்த்துப் பேசினாள்.

"குரல் ஏன்பா ஒரு மாதிரி இருக்கு?"

"தொண்டை."

"வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாயிருமா? மேடம் மத்த துறை ஆளுகளையும் கூப்பிட்டிருக்காங்கப்பா. எனக்குச் சோறே இறங்கல."

எனக்கும்தான். எனக்கு வேறு காரணம்.

செப். 17, புதன்.

சோதனை. கண்ணாடி முன்னால் நின்று செட் என்று சொல்லிப் பார்த்தேன். சைக்கிள் டியூப் பஞ்சரான சத்தம். மற்ற வார்த்தையெல்லாம் சமாளிக்கலாம், இது ஒன்று மட்டும் முடியவில்லை. ஒரு மணி நேரப் பேச்சில் இருநூறு தடவை சொல்ல வேண்டிய வார்த்தை. வேறு வார்த்தைக்கு மாறலாம் என்றால், அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது.

கிரேஸின் அண்ணன் டேவிட் மச்சானுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. (எப்படியோ என்ன, கிரேஸ்தான்.) ரிட்டயர்டு கண்டக்டர். ஸ்ரீவி.யில் இருந்து பஸ் ஏறி வந்துவிட்டார். வந்தவர் கையில் டிபன் டப்பா. ஆசையாகத் திறந்தேன். உள்ளே தண்ணீர், தண்ணீருக்குள் அவருடைய பல் செட். மேல், கீழ், முழு செட்.

"கொதிவெந்நியில போட்டு எடுத்துட்டேன் மாப்ள. மாட்டிக்கிட்டுப் போங்க. எனக்கு ஒரு நாள் கஞ்சி போதும்."

"மச்சான், எனக்கு நாலு பல்லுதான் இல்ல. மிச்சம் இருக்கு."

"மிச்சத்தைப் பிடுங்கச் சொல்லலியே. சும்மா மேல வச்சுப் பாருங்க."

பொக்கை வாயும் முகம் முழுக்க அன்புமாக உட்கார்ந்திருக்கிறார். எப்படி மறுக்க? மேல்வரிசையை வைத்துப் பார்த்தேன். கண்ணாடியில் டேவிட் மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தார். கிரேஸ் "ஐயோ அண்ணே!" என்று கத்திவிட்டு அடுப்படிக்கு ஓடினாள்.

கழற்றிக் கழுவிக் கொடுத்தேன். அவருக்கு வருத்தம். மேடை ஏறிய நாளில் இருந்து நான் அவரை எத்தனை கிண்டல் அடித்திருப்பேன். மனுஷன் தன் பல்லைக் கழற்றி டப்பாவில் கொண்டுவருகிறார். இதை மட்டும் ஜோக் ஆக்கக் கூடாது.

(ஆக்கினால் நன்றாக வரும். கூடாது.)

செப். 18, வியாழன். தூறல்.

ஷீபாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவது என்று முடிவு. மூன்று தடவை எடுத்தேன், மூன்று தடவை வைத்தேன். நாலாம் தடவை அவளே கூப்பிட்டாள். மாலை வாங்கியாச்சு, மைக் பார்த்தாச்சு, முதல்வர் வருகிறார். "நீங்க வந்தாப் போதும்பா. வீட்டுக் கதை மட்டும் வேண்டாம்." சரி என்று போனை வைத்தேன்.

பட்டியல் முப்பத்தாறு. பழைய சட்டை வேண்டாம், நீலம். இஸ்திரி போட வேண்டும். கடைச்சாவி பக்கத்துக் கடையில் கொடுக்க வேண்டும்.

கிரேஸ் படுக்கப் போகும் முன் ஜெபம் பண்ணினாள். "ஆண்டவரே, இவுக வாயைக் காத்தருளும்." முன்பெல்லாம் "அடக்கியருளும்" என்றுதான் கேட்பாள்.

செப். 19, வெள்ளி. வெயில். மலை தெளிவு.

வரிசையாக எழுதுகிறேன்.

அரங்கம் நிறைய பிள்ளைகள். முன்வரிசையில் முதல்வர், துறைத்தலைவி மேடம். கடைசி வரிசையில் கிரேஸும் டேவிட் மச்சானும், யாரோ போல. என்னை அறிமுகம் செய்தது ஒரு மாணவி. ஷீபா ஓரத்தில், கையில் நன்றியுரைத் தாள். என்னை யாரோ ஒரு சாரைப் பார்ப்பது போலப் பார்த்தாள். நானும் யாரோ ஒரு மேடத்துக்கு வணக்கம் வைத்தேன்.

எழுந்தேன். கர்ச்சீப் வாயில். "இன்னைக்கு நான் பேச வந்த வார்த்தை..." என்று சொல்லி அந்த வார்த்தையைச் சொன்னேன். மைக் வேறு நல்ல மைக். பஞ்சர் அரங்கம் முழுக்கக் கேட்டது. பின்வரிசையில் ஒருத்தன், "சார் என்ன சொல்றாருடே?" மேடம் ஷீபாவைத் திரும்பிப் பார்த்தார். ஷீபா தன் செருப்பைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையை நான் முன்னே பார்த்திருக்கிறேன். எட்டாம் வகுப்பு ஷீபா, லொள் என்று யாரோ கத்தும்போது.

கர்ச்சீப்பை மடித்துப் பைக்குள் வைத்தேன். நன்றாக, ஈறு தெரிய, இளித்தேன்.

"பாத்துக்கோங்க பிள்ளைகளா. முன்னால நாலு பல்லு கிடையாது. எட்டு வருஷமா கிடையாது. பெத்த மகளுக்கே தெரியாது. அவளும் இப்பத்தான் பாக்கா."

மகள் எங்கே என்று சொல்லவில்லை. வாக்கு வாக்குதான்.

முருங்கைக்காய், டிஷ்யூ, செல்ஃபி, மடித்த இலை, நாலு பவுன், அசை போட்ட மாடு. எல்லாவற்றையும் நடந்தது நடந்தபடி சொன்னேன். "அந்த மாட்டுப் பால் இன்னைக்கு எந்தக் கடை பால்கோவாவுல இருக்கோ, வாங்கித் தின்னுதவிய பல்லு ஜாக்கிரதை" என்றபோது முதல்வரே மேஜையைத் தட்டினார்.

"இப்போ பிரச்சினை என்னன்னா, பேச வந்த வார்த்தை என் வாயில வராது. அதனால நான் பாதிய சொல்றேன், மீதிய நீங்க சொல்லுங்க. மகாராஜபுரத்துல தண்ணி எடுக்குற பம்பு..."

நூற்றுக்கணக்கான தொண்டை: "செட்டு!"

"திருவிழாவுல காதைக் கிழிக்கிற மைக்கு..."

"செட்டு!"

அவ்வளவுதான். பஸ் மலையிறங்குகிற மாதிரி போனது. தோசைக்குக் கத்தினார்கள், தாடிக்குக் கத்தினார்கள். மாப்பிள்ளை வீடு வந்தபோது பெண்பிள்ளைகள் பக்கம் கூரை போய்விட்டது. லட்சுமம்மாவின் வேப்பசெட்டுக்கு, தெலுங்கு பேசும் பிள்ளைகள் எழுந்து நின்று கத்தினார்கள். முப்பத்தாறும் முடிந்து, "கடைசியா ஒண்ணு, என் பட்டியல்ல நானே எழுதாம மறைச்சது. பல்லு..." என்றேன்.

அந்தச் சத்தம் மலையில் பட்டுத் திரும்பியிருக்கும். மேடம் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் எண்ணிச் சொல்கிறேன், மூன்று தடவை.

நன்றியுரை. ஷீபா மைக் முன்னால் வந்தாள். தாளில் இருந்ததை ஆங்கிலத்தில் ரெண்டு வரி படித்தாள். நிறுத்தினாள். தாளை மடித்துவிட்டாள். தமிழில் பேசினாள்.

"இவர் இருபது வருஷமா மேடையில எங்க வீட்டைப் பத்திப் பேசுறாரு. ஒரு வார்த்தை உண்மை கிடையாது. எங்க வீட்டுல நாயே இல்லைங்க. இன்னைக்குத்தான் முதல் தடவையா உண்மையை மட்டும் பேசினாரு. அதனால நானும் ஒரு உண்மையைச் சொல்லிடுறேன். இவர் என் அப்பா."

எனக்குப் பேச்சு வரவில்லை. அதற்குப் பல் காரணம் இல்லை.

கடைசி வரிசையில் டேவிட் மச்சான் எழுந்து நின்று தனியாகக் கைதட்டிக்கொண்டிருந்தார். "உக்காருங்கண்ணே" என்று கிரேஸ் சட்டையை இழுக்கிறாள்.

மேடம் ஷீபாவின் தோளைத் தட்டி, "அடுத்த வருஷமும் நீதான் பொறுப்பு" என்றார். அடுத்த வருஷம்! அவள் அங்கே இருப்பாள் என்று அர்த்தம்.

செப். 20, சனி. மூட்டம்.

இவர் என் அப்பா. இவர் என் அப்பா. சும்மா எழுதிப் பார்க்கிறேன்.

கடைக்கு வந்த எல்லாருக்கும் சொன்னேன். ஃபியூஸ் கம்பி வாங்க வந்தவர் தப்பிக்கப் பார்த்தார், மீதிச் சில்லறையைக் கொடுக்காமல் பிடித்து வைத்துச் சொன்னேன். யாரோ எடுத்த வீடியோ ஊர் முழுக்கச் சுற்றுகிறது. சாத்தூரில் இருந்து ஒரு சபைக்காரர் போன்: "எங்க ஆண்டு விழாவுக்கு வாங்க. அந்த இலை மடிச்ச கதையைச் சொல்லணும். பல்லு மாட்டாம வந்தா நல்லது."

சாயந்திரம் புதுப் பல் வந்தது. மாட்டினேன். சரியாக உட்கார்ந்தது. "செட்" தெளிவாக வந்தது. கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

ஒரு தீர்மானம்: இனிமேல் மேடையில் உண்மை மட்டும். ஷீபாவுக்குப் போனில் சொன்னேன். "ஆமென்" என்றாள்.

செப். 21, ஞாயிறு. ஆராதனை முடிந்து வரும்போது மழை.

ஷீபா வந்திருக்கிறாள். டேவிட் மச்சானும். கோழிக்குழம்பு. மச்சான் தன் செட்டைத் தட்டிக் காட்டி, "என்ன இருந்தாலும் நம்மது ஒரிஜினல் மாதிரி" என்கிறார். ஷீபா என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். "லொள் கதையக்கூட மன்னிச்சிட்டேன்பா. அந்த மாட்டுக் கதை ஒண்ணு போதும். அம்புட்டும் நெசம்."

சாப்பிட்டு முடித்து, "அம்மா, இனிப்பு ஏதாவது இருக்கா?" என்று அவளே போய் பிரிட்ஜைத் திறந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை லட்டு, டிஷ்யூ பேப்பரில் சுற்றியது சுற்றியபடி. மேஜையில் வைத்துப் பிரித்தாள்.

லட்டு. லட்டைக் கடித்தபடி என் நாலு பல்.